பெரியப்பா வாசித்த கடிதங்கள்

இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்டு நகரத்து ஆவணக் காப்பகத்தில் லிட்டன் குடும்பத்தின் காகிதங்களைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். எட்வர்ட் புல்வர்-லிட்டன் 1803இல் பிறந்து 1873இல் இறந்தவர். பாம்பேய் நகரத்தின் கடைசி நாட்களைப் பற்றி எழுதிப் பெயர் வாங்கிய நாவலாசிரியர். நாடாளுமன்றத்தில் பல ஆண்டுகள் இருந்தார். 1858இல் குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சரும் ஆனார். பேனாவையும் வாளையும் எடை போடும் அந்தப் புகழ்பெற்ற வாசகம் இவருடைய நாடகத்திலிருந்து வந்ததுதான். சார்லஸ் டிக்கன்ஸ் தன் நாவல் ஒன்றின் முடிவையே இவர் சொன்னதற்காக மாற்றி எழுதினார். மனைவி ரோசினாவுக்கும் இவருக்கும் தீராத பகை. அந்த அம்மாள் எழுதிய கடிதங்கள்கூடத் தொகுதிகளாக அச்சில் வந்துவிட்டன.

நான் குடியிருக்கும் ஸ்டீவனேஜிலிருந்து ரயிலில் அடுத்த நிறுத்தம் நெப்வொர்த், அந்தக் குடும்பத்தின் மாளிகை இருக்கும் ஊர். காப்பகத்தின் வாசிப்பறையில் பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும்தான். தாளைச் சாய்த்து வைக்க நுரைத் திண்டு தருவார்கள். பக்கம் புரளாமலிருக்கத் துணியில் தைத்த கனமான சரம் ஒன்று தருவார்கள். அந்த அறையில் வெயில் கிடையாது, ஈரம் கிடையாது, இருமலுக்குக்கூட இடம் கிடையாது. ஒரு மனிதர் தன் கைப்பட எழுதியதை இதைவிட மரியாதையாக வைத்துக்கொள்ள முடியாது. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அங்கே உட்காரும்போதெல்லாம் எனக்கு மீனாட்சிபுரத்து டீக்கடை பெஞ்சுதான் வேண்டியிருக்கிறது.

மீனாட்சிபுரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுப் பக்கம் போனால், தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கும் இடம். சோதனைச்சாவடி உண்டு, ரயில் நிலையம் உண்டு, கண்ணுக்கு எட்டிய தூரம் தென்னை உண்டு. எங்கள் சித்தூர் தாலுகா முதலில் கொச்சி ராஜ்ஜியத்தில் இருந்தது. 1949இல் திருவிதாங்கூர்-கொச்சி ஆயிற்று. 1956 நவம்பர் முதல் தேதி கேரளம் ஆயிற்று. வீட்டுப் பேச்சு மட்டும் ஆகவில்லை, அது கொங்குத் தமிழாகவே இருந்தது. ரேஷன் கார்டு மலையாளம், அடுப்படி தமிழ். நாங்கள் அதை ஒரு சங்கடமாக நினைத்ததாக ஞாபகம் இல்லை. சந்தைக்குப் பொள்ளாச்சி, கச்சேரிக்குச் சித்தூர். இரண்டு பக்கமும் நடமாடித்தான் பிழைப்பு.

பெரியப்பா தேங்காய் மண்டியில் கணக்கு எழுதினார். ஊரில் அவருக்குக் ‘கணக்கண்ணா’ என்று பெயர். அவரிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதற்குள் ‘திராவிட நாடு’, ‘காஞ்சி’ இதழ்கள். ‘திராவிட நாடு’ 1942இல் காஞ்சிபுரத்தில் அண்ணா தொடங்கிய வார இதழ். ‘காஞ்சி’ அதற்குப் பிறகு வந்தது. 1955 முதல் அண்ணா இவற்றில் ‘தம்பிக்கு’ என்று கடிதம் எழுதத் தொடங்கினார். ‘ரங்கோன் ராதா’வும் ‘பார்வதி பி.ஏ.’யும் எழுதிய நாவலாசிரியர், 1949இல் கட்சி கண்டவர், 1967இல் முதலமைச்சர் ஆனவர், வாரந்தோறும் உட்கார்ந்து முகம் தெரியாத ஒரு தம்பிக்குக் கடிதம் எழுதினார். அரசியலமைப்புச் சட்டத்தின் மொழிப் பிரிவை எரிக்கும் போராட்டத்தில் 1963இல் சிறைக்குப் போனார். அந்தச் சிறை நாட்களும் பிறகு கடிதங்களாகவே வந்தன, ‘கைதி எண் 6342’ என்று. பொங்கல் என்றால் கட்டாயம் ஒரு கடிதம் உண்டு. 1969 பொங்கலுக்கும் எழுதினார். பிப்ரவரி 3ஆம் தேதி போய்விட்டார்.

நான் அதற்குப் பின்னால் பிறந்தவன். நான் கேட்ட காலத்தில் அந்தக் கடிதங்கள் எல்லாமே பழையவை. எந்தத் தேர்தலுக்காக எழுதினாரோ அந்தத் தேர்தல் முடிந்து, ஜெயித்தவர் தோற்று, தோற்றவர் ஜெயித்து, சிலர் செத்தும் போயிருந்தார்கள். எங்களுக்கோ அந்தத் தேர்தல்களில் ஓட்டே கிடையாது, எங்கள் ஓட்டு கேரளப் பக்கம். ஆனாலும் சாயங்காலம் மண்டி மூடியதும் பெரியப்பா ஓர் இதழை எடுத்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு டீக்கடைக்கு வருவார். கள் இறக்கி முடித்தவர்கள், வண்டி அவிழ்த்தவர்கள், ரயில் பாதையில் வேலை பார்த்தவர்கள், எல்லாரும் பெஞ்சு நிறைந்து தரையிலும் உட்கார்ந்திருப்பார்கள்.

“ஆரம்பிங்க கணக்கண்ணா.”

அவர் உடனே ஆரம்பிக்க மாட்டார். கண்ணாடியைத் துடைப்பார். தொண்டையைச் செருமுவார். ‘தம்பி’ என்று முதல் சொல்லை வாசித்துவிட்டு ஒரு கணம் நிறுத்துவார். அந்தக் கணத்தில் அங்கிருந்த ஒவ்வொருவரும், அறுபது வயதுக்காரர் உட்பட, தன்னைத்தான் கூப்பிட்டார்கள் என்பதுபோல நிமிர்ந்து உட்காருவார். எனக்கு வேண்டியது அந்த ஒரு கணம்தான். அது எந்தக் காப்பகத்திலும் கிடைக்கவில்லை.

அண்ணாவின் உரைநடை கண்ணுக்காக எழுதியது இல்லை என்பது என் கட்சி. அரசியல் கட்சியைச் சொல்லவில்லை, அதில் எனக்கு வேறு கருத்துகள் உண்டு. எச்சத்தின் மேல் எச்சமாக அடுக்கி, எதுகை தேடி, மோனை தேடி, கேட்பவன் இனி முற்றுப்புள்ளியே வராது என்று நம்பத் தொடங்கும் நேரத்தில் சட்டென்று மூன்றே சொல்லில் முடிப்பார். மேடையில் நின்று பழகிய மூச்சு அது. தனியாக, மனதுக்குள் படித்தால் சில இடங்களில் அலுப்புகூடத் தட்டும். பெரியப்பா வாசித்தால் தட்டாது. நீளமான வாக்கியம் வரும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். கூட்டமும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். முடியும் இடத்தில் எல்லாரும் சேர்ந்து விடுவார்கள். அயர்லாந்தும் இத்தாலியும் ரோமாபுரியும் சென்னைச் சட்டமன்றமும் எங்கள் ஊருக்குள் வந்தது அந்த மூச்சில்தான். வாசிக்க வேண்டிய விதத்தை ஓரத்தில் பென்சிலால் குறித்திருப்பார். நிறுத்த வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு, குரல் உயர்த்த வேண்டிய இடத்தில் இரண்டு.

அந்தக் கோடுகள் போய்விட்டன.

சத்தங்களும் போய்விட்டன. தென்னை உச்சியில் பாளை தட்டும் சத்தம், எலும்பால் தட்டுவது, ஒரு மரத்தில் நின்றால் அடுத்த மரத்தில் கேட்கும். ரயில்வே கேட்டு மூடும் மணி. ராமேஸ்வரம் போகிற மீட்டர் கேஜ் வண்டி வரும்போது பெரியப்பா வாசிப்பை நிறுத்திக்கொள்வார். வண்டி கடந்து போகும் வரை யாரும் பேச மாட்டார்கள், விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார். பிறகு அந்தப் பாதையை அகலப் பாதையாக மாற்றுவதற்காக வண்டியையே பல வருஷம் நிறுத்தி வைத்திருந்தார்கள். இப்போது ஓடுகிறது. வேகமாக ஓடுகிறதாம். ஆனால் அதற்காக வாசிப்பை நிறுத்துகிறவர் இல்லை.

உங்கள் ஊரிலும் ஒருவர் இருந்திருப்பார். முடிதிருத்தும் கடையில், படிப்பகத்தில், கோயில் திண்ணையில் நாளிதழை உரக்கப் படித்தவர். எழுத்துத் தெரியாத பத்துப் பேருக்குத் தன் கண்ணைக் கொடுத்தவர். அவர் பெயர் உங்களுக்கு நினைவிருக்கும், குரல் இருக்கிறதா? எனக்குப் பெரியப்பாவின் முகம் இருக்கிறது, கண்ணாடிச் சட்டம் இருக்கிறது, மடியிலிருந்த வெற்றிலை வாசம்கூட இருக்கிறது. குரல் மட்டும், கேட்டுவிடலாம் என்று கிட்டே போகப் போக, விலகிக்கொண்டே போகிறது. அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் டேப் ரிக்கார்டர் வைத்திருந்த வீடு உண்டு. அதில் சினிமாப் பாட்டுதான் பதிந்தோம்.

லிட்டனின் காகிதங்களைப் பார்க்கும்போது இன்னொன்றும் தொண்டையில் நிற்கிறது. அவருடைய மகன் ராபர்ட் லிட்டன் 1876 முதல் 1880 வரை நம்முடைய வைசிராய். தாது வருஷப் பஞ்சம் அவர் காலத்தில் வந்தது. தெற்கே ஜனங்கள் வயல் வரப்பில் விழுந்து செத்துக்கொண்டிருந்தபோது, 1877 ஜனவரி முதல் தேதி டெல்லியில் விக்டோரியாவைச் சக்கரவர்த்தினியாக அறிவிக்கும் தர்பார் நடத்தினார். மறு வருஷம் இந்திய மொழிப் பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டுச் சட்டம். அப்பா பேனாவைப் புகழ்ந்தவர், மகன் இப்படி. அப்பாவின் கடிதம், மகனின் கடிதம் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. கோயம்புத்தூர்ச் சீமையில் கஞ்சித்தொட்டியைத் தேடி நடந்தவர்கள் கடிதம் எழுதவில்லை, எழுதத் தெரிந்திருந்தாலும் யார் வைத்திருப்பார்கள்? எது மிஞ்சுகிறது என்பது எழுத்தின் தரத்தைப் பொறுத்தது இல்லை. கல் வீடு வேண்டும், பூட்டுப் பெட்டி வேண்டும், சொத்து பிரியாமல் இருக்க வேண்டும்.

எங்கள் சொத்து பிரிந்தது. பெரியப்பா காலமாகி, வீட்டை மூன்றாகப் பிரித்து, நடுவில் சுவர் எழுப்பினார்கள். பெட்டி மாட்டுக்கொட்டகைக்குப் போயிற்று. கறையான் பாதி தின்றது, மீதி எடைக்குப் போனது. யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. மழைக்காலத்தில், மனிதர்களுக்கே ஒழுகாத இடம் இல்லாத வீட்டில், பழைய வாரப் பத்திரிகைக்கு யார் இடம் கொடுப்பார்கள்.

கடிதங்கள் அழிந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தொகுதிகளாக வந்திருக்கின்றன. அண்ணாவின் எழுத்துகள் அரசுடைமை ஆகிவிட்டன. இணையத்தில் தேடினால் தேதி வாரியாகக் கிடைக்கும். என் கைப்பேசியில் அத்தனையும் இருக்கிறது. இரவில் எழுத்தைப் பெரிதாக்கி, வெளிச்சத்தைக் குறைத்து, கம்பளிக்குள் படுத்துக்கொண்டு படிக்கலாம். படிக்கிறேன். ‘தம்பி’ என்று தொடங்குகிறது. அறை அப்படியே இருக்கிறது. யாரும் நிமிர்ந்து உட்காரவில்லை. கண் அடுத்த வரிக்குப் போய்விடுகிறது.

தங்கை மகன் இப்போதும் மீனாட்சிபுரத்தில் இருக்கிறான். மலையாளத்தில் படித்தவன். தமிழ் பேச்சில் சரளம், எழுத்தில் கூட்டித்தான் வாசிப்பான். டீக்கடை இருந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். செல்போன் கடையாம். ஒரு பொங்கல் கடிதத்தை அனுப்பி, வாசித்துப் பதிவு செய்து அனுப்படா என்றேன். “எதுக்குங்க மாமா, உங்ககிட்டயேதான் இருக்குதே?” என்றான். சொன்னதற்காக அனுப்பினான்.

தடுக்கித் தடுக்கி வாசித்திருக்கிறான். ழகரம் சுத்தமாக வருகிறது, மலையாளப் பள்ளிக்கூடத்தின் உபயம். நீளமான வாக்கியத்தின் நடுவே மூச்சு முட்டி நின்றுவிடுகிறான். பின்னால் மோட்டார் சைக்கிள் போகிறது, யாரோ அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். பெரியப்பா என்றால் அந்த இடத்தில் நிறுத்தியிருக்க மாட்டார். இன்னும் நாலு சொல் தள்ளி, எல்லாரையும் ஏங்க வைத்துவிட்டு, டீயை எடுத்து ஒரு வாய் குடித்திருப்பார். அதற்குள் தரையில் உட்கார்ந்திருக்கிற யாராவது ஒருவர் பொறுக்கமாட்டாமல், “அப்பறம்?” என்பார்.