மெட்டுக்கு ஏறும் ஜீப்பும் பம்ப் அறையும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். பொழுது விடியும் முன்பே ஜீப்புகள் ஏறத் தொடங்கிவிடுகின்றன. இடுக்கி ஏலத் தோட்டங்களில் காய் எடுக்கப் போகும் பெண்கள் உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். வண்டிகளில் பல பழைய மஹிந்திராக்கள்: 2112 சிசி பியூஷோ இன்ஜின் பூட்டிய எம்.எம். 540, அதற்குப் பின் வந்த 2523 சிசி டிஐ வண்டிகள். டீசல் விலையின் மீதிருந்த அரசுக் கட்டுப்பாடு 2014 அக்டோபரில் நீங்கியது. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது இந்த டிரைவர்களுக்கு அன்றாடம் வீட்டில் உலை வைக்கும் கணக்கு.

அந்தக் கணக்கு தீர்மானமாகும் இடத்தைப் பார்க்கத்தான் போடியில் ஒரு டீசல் பம்ப் சர்வீஸ் கடைக்குப் போனேன். முன்பக்கம் வழக்கமான ஒர்க்‌ஷாப், தரையெல்லாம் கிரீஸ். உள்ளறை வேறு உலகம். கதவு சாத்தியிருக்கிறது, மின்விசிறி கிடையாது, கழற்றிய பாகங்களைத் துணியால் துடைப்பதில்லை. சுத்தமான டீசலில் அலசிக் காற்றடித்து எடுக்கிறார்கள். பம்புக்குள் பிளஞ்சருக்கும் அது ஓடும் உருளைக்கும் நடுவே உள்ள இடைவெளி மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான். ஒரு நூலிழை போதும், பம்ப் போய்விடும்.

1951-இல் தொடங்கிய மைக்கோ கம்பெனி 2008-இல் பாஷ் என்று பெயர் மாறிவிட்டது. இந்த அறையில் அது இன்னும் மைக்கோ பம்ப்தான்.

கடையின் மூத்த மெக்கானிக்கான பெரியவர் முதலில் நாசிலைச் சோதித்தார். டெஸ்டரில் மாட்டி, கைப்பிடியை அழுத்தினார். முள் ஏறி, குறித்த அழுத்தம் வந்ததும் நல்ல நாசில் ‘கிர்ர்’ என்று அதிர்ந்து டீசலைப் பனிப்புகையாகத் தூவியது. அடுத்தது சத்தமே போடவில்லை. கோடு கிழித்தாற்போல் பீய்ச்சிவிட்டு நுனியில் ஒரு சொட்டைத் தொங்கவிட்டது. கிட்டே குனிந்த என் கையைத் தட்டிவிட்டார். அந்தப் பீய்ச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடுமாம். சொட்டும் நாசில் தரும் டீசல் முழுதாக எரியாது. கறுப்புப் புகையாகப் பின்னால் போகும். டிரைவர் காசு கொடுத்து வாங்கியதுதான் அப்படிப் போகிறது.

பிறகு பம்பைக் காலிபரேஷன் பெஞ்சில் ஏற்றினார்கள். நான்கு கண்ணாடிக் குழாய்களில் டீசல் இறங்கியது. நான்கின் மட்டமும் ஒன்றாக நிற்க வேண்டும். மூன்றாவது மட்டும் உயர்ந்து நின்றது. பெரியவர் பிளஞ்சரைத் திருப்பும் கிளாம்பைத் தளர்த்தி, கண்ணுக்குத் தெரியாத அளவு நகர்த்தி, மறுபடி ஓட்டினார். மட்டம் சேரும்வரை அந்த அறையில் யாரும் பேசவில்லை.

வெளியே காத்திருந்த டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்தார். “அண்ணே, அந்த டீசல் அளவு ஸ்க்ரூவையும் கொஞ்சம் குறைச்சு விட்டுருங்க. மைலேஜ் கூடும்ல?”

“குறைக்கலாம் தம்பி. இறக்கத்துல ஒண்ணும் தெரியாது. செகண்டுல ஏறுற வளைவுல ஃபர்ஸ்ட்டு கேக்கும். அப்ப மிச்சம் எங்க?”

எனக்கு இதுதான் இந்தத் தொழிலின் அறிவாகத் தெரிந்தது. டீசலைக் குறைத்துக் கொடுப்பது யாராலும் முடியும். கொடுத்ததை முழுதாக எரிய வைக்கத்தான் கைத்திறன் வேண்டும்.

மிச்சக் கசிவெல்லாம் அந்த டிரைவரின் வண்டியில் இருந்தது. சூடேறுகிறது என்று யாரோ தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருந்தார்கள். மலைக் குளிரில் இன்ஜின் பதமான சூட்டுக்கே வராமல் ஓடியிருக்கிறது. ஆயில் கெட்டியாகவே நின்று டீசலைத் தின்றிருக்கிறது. ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கையால் சுழற்றினார்கள். அரைச் சுற்றில் நின்றது, பிரேக் டிரம்மில் உரசல். காற்று வடிகட்டியின் எண்ணெய்க் கிண்ணத்தில் சேறு. அழகுக்கென்று மாட்டிய பெரிய டயர் எடையையும் கூட்டியிருந்தது, கிலோமீட்டர் கணக்கையும் கெடுத்திருந்தது: சக்கரம் பெரிதானால் மீட்டர் குறைத்துத்தான் காட்டும். முன்சக்கர ஹப் லாக்கை மண்பாதையில் போட்டவர் தார்ச்சாலைக்கு வந்தும் எடுக்கவில்லை. முன் அச்சு முழுவதும் வீணாகச் சுழன்றபடி இருந்திருக்கிறது.

இறக்கத்தில் நியூட்ரலில் விடுவதைப் பற்றித்தான் பெரியவர் குரல் உயர்த்திப் பேசினார். மிச்சம் பிடிப்பதாக நினைத்துப் பலர் அப்படி இறங்குகிறார்கள். கியரில் இருக்கையில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். வேகம் ஐடிலுக்கு மேல் இருக்கும்வரை பம்பின் கவர்னர், டீசல் அளவை மாற்றும் ரேக்கைப் பின்னுக்கு இழுத்து டீசலை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில் ஐடிலிங்குக்கான டீசல் எரிந்துகொண்டே இருக்கும். பிரேக்கும் சூடேறிப் பிடிமானம் இழக்கும். இத்தனை பெண்களை ஏற்றிக்கொண்டு செய்கிற காரியமா இது என்று அவர் கேட்டது நியாயம்.

இன்றைய காமன் ரயில் இன்ஜின்களில் எத்தனை டீசல், எப்போது என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. அப்படியிருந்தும் பெரியவரிடம் பையன்கள் இருவர் வேலை பழகுகிறார்கள். இருவருக்கும் விரல் இடுக்கெல்லாம் டீசல் பட்டு வெடித்திருக்கிறது, கையுறை இல்லை. தூசுக்குப் பயந்து அடைத்த அறையில் நாள் முழுக்க அந்த ஆவியைத்தான் சுவாசிக்கிறார்கள். தூசு வடிகட்டி வரும் காற்றுக்கு வழி செய்வது பெரிய செலவில்லை. ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் பிரிவு ஓராண்டுப் படிப்பு. அங்கே படிக்கிற பிள்ளைகளை இந்தப் பெஞ்சின் முன் சில வாரங்கள் நிறுத்த வேண்டும். பெரியவரைப் போன்றவர்களுக்கு அதற்கான சம்பளத்தையும் அரசு தர வேண்டும். மெட்டு ஏறும் பழைய ஜீப்புகள் இன்னும் பல ஆண்டுகள் ஓடத்தான் போகின்றன.