ஏறுறது பெருசில்ல, இறங்கணும்

டபுள் கெப் என்றால் எங்கள் பக்கத்தில் அது வெறும் வாகனம் இல்லை. தோட்டத்து ரோட்டில் ஒரு டபுள் கெப் வந்தால் பிள்ளைகள் விளையாட்டை நிறுத்திவிட்டு ஓரமாக நிற்பார்கள். உள்ளே துரை இருப்பார், இல்லாவிட்டால் யாராவது அரசியல்வாதி. நாங்கள் போனதெல்லாம் லொறியில்தான். கோயில் திருவிழாவுக்கு, கல்யாணத்துக்கு, மே தினக் கூட்டத்துக்கு என்று நெருக்கியடித்து நின்று, தலைக்கு மேலே போகிற கம்பியைப் பிடித்துக்கொண்டு.

அதனால், கட்டாரில் ஆறு வருசம் டிரைவர் வேலை பார்த்துவிட்டு வந்த எங்கள் கூட்டாளி, "மச்சான், ஒரு கெப் எடுத்து பின்னால ஒரு கேரவன் இழுப்போம்டா" என்று சொன்னபோது, எங்கள் நாலு பேர் கண்ணிலும் முதலில் வந்து நின்றது கேரவன் இல்லை, கெப்தான். இதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறோம். பிறகு நடந்த பிழைகளில் பாதி இங்கேதான் தொடங்கியது.

திட்டம் மோசமில்லை. கம்பளையிலிருந்து நுவரெலியா போகிற ஏ5 வீதியில்தான் புசல்லாவை இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போகிறார்கள், ஆனால் ராத்தங்குகிறவர்கள் குறைவு. 1841இல் மொரிஸ் வோர்ம்ஸ் சீனத் தேயிலைச் செடிகளைக் கொண்டுவந்து நட்ட றொத்சைல்ட் தோட்டம் இங்கே இருக்கிறது என்பது பல பேருக்குத் தெரியாது. சனி, ஞாயிறுகளில் கேரவனைப் பயணிகளுக்கு வாடகைக்குக் கொடுக்கலாம். மற்ற நாட்களில் புத்தகங்களையும் புரொஜெக்டரையும் ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போகலாம். சீட்டுக் காசையும் கட்டார்க் காசையும் சேர்த்து, கம்பஹா பக்கம் ஒருவர் விற்ற பழைய ட்ரெய்லர் ஒன்றை வாங்கி, லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து, அதன்மேல் பதினாறுக்கு ஏழு அடியில் ஒரு பெட்டி கட்டினோம்.

கூட்டாளியின் அம்மா வந்து உள்ளே ஏறிப் பார்த்தார். கட்டில், சிங்க், கேஸ் அடுப்பு எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு, "நம்ம காம்பரா அளவுதான் இருக்கு" என்றார். கணக்குப் போட்டால் சரிதான். லயத்துக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு, 120 சதுர அடி. இது 112. அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் எங்களுக்குக் கொஞ்ச நாள் தூக்கத்தைக் கெடுத்தது: "நிக்கிற வீடே இன்னும் நம்ம பேர்ல இல்ல. ஓடுற வீடு எதுக்குப்பா?"

பதில் தெரியாததால் நாங்கள் யூடியூப் பார்க்கப் போய்விட்டோம்.

அங்கே எல்லாம் அமெரிக்க வீடியோ. போர்ட் எஃப்-350, ராம் 3500. இரண்டிலும் 6.7 லீட்டர் டீசல் எஞ்சின். ஒரு முழு வீட்டையே கட்டி இழுத்துக்கொண்டு போகிறார்கள். அங்கே 'ஹெவி டியூட்டி' என்றால் இதுதான். ஆனால் இவற்றின் அகலம் மட்டும் 2 மீற்றரைத் தாண்டுகிறது. றம்பொடை வளைவில் எதிரே ஒரு பஸ் வந்தால் இதை எங்கே ஒதுக்குவது? பிறகு, யாரிடம் இருக்கிறது அவ்வளவு காசு? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்குத் திரும்பக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் இருந்த ஐந்து வருசத்தில் பழைய வாகனங்களின் விலை நிலாவுக்குப் போய்விட்டது. எங்கள் வயதையொத்த கெப்புக்கெல்லாம் விற்கிறவர்கள் கூசாமல் விலை சொன்னார்கள்.

எங்கள் ஊரில் ஓடுகிற சாமான் வண்டிகளையும் பார்த்தோம். டிமோ பட்டா என்று எல்லாரும் சொல்கிற டாடா ஏஸ் உண்டு. 702 சிசி, இரண்டு சிலிண்டர். மரக்கறி ஏற்ற அதை விட நல்ல வண்டி இல்லை, ஆனால் கேரவனைக் கட்டினால் அது கேரவனை இழுக்காது, கேரவன்தான் அதை இழுக்கும். தோட்டத்து ட்ரெக்டர் எதையும் இழுக்கும், ஆனால் நுவரெலியா போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மிச்சம் இருந்தது கெப். புதிய ஹைலக்ஸ் 2.8 டீசல் ஃபோர்-வீலுக்கு வெளிநாட்டுக் கையேட்டில் 3500 கிலோ இழுக்கும் என்று போட்டிருந்தது. எங்கள் ட்ரெய்லர் என்ன, ஆயிரத்து இருநூறு இருக்குமா? பழைய கெப்பே போதும் என்று முடிவு கட்டினோம்.

முடிவைச் சோதித்துப் பார்க்க ஒருவரிடம் பழைய டபுள் கெப் ஒன்றை இரவல் வாங்கினோம். தண்ணித் தாங்கியை நிரப்பி, புத்தகப் பெட்டிகளை ஏற்றி, நாலு பேரும் உட்கார்ந்து நுவரெலியாவுக்கு விட்டோம். ஏறும்போது சூடு காட்டுகிற முள் கொஞ்சம் மேலே போனது, எஞ்சின் மூச்சு வாங்கியது. நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே காற்று கடல் மட்டத்தை விட ஆறில் ஒரு பங்கு அடர்த்தி குறைவு. டர்போ இல்லாத எஞ்சினுக்கு அந்த அளவு பலமும் குறையும். ஆனாலும் ஏறிவிட்டது. கிரகரி வாவிப் பக்கம் நிறுத்தி, கெப்பும் கேரவனும் தெரிகிற மாதிரி படமெல்லாம் எடுத்தோம்.

இறங்கும்போதுதான் வினை. நாலாவது கியரில், பிரேக்கில் காலை வைத்தபடியே வந்தோம். றம்பொடை சுரங்கத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எரிகிற வாடை வந்தது. தேயிலை பெக்டரி வாடை என்று ஒருவன் சொன்னான். அடுத்த வளைவில் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி கீழே போனது. வண்டி குறையவில்லை. பின்னாலிருந்து யாரோ தள்ளுகிற மாதிரி இருந்தது. தள்ளியது எங்கள் வீடுதான். கூட்டாளி கத்தாமல், மூன்றாவதுக்கும் இரண்டாவதுக்கும் கியரை இறக்கி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து, ஒரு மரக்கறிக் கடைக்குப் பக்கத்து மண்ணில் ஏற்றி நிறுத்தினான். கட்டாரின் ஆறு வருசம் அந்த ஒரு நிமிசத்துக்குத்தான் உதவியது என்று பிறகு சொன்னான்.

முன் சில்லுகளிலிருந்து புகை வந்தது. நாங்கள் தண்ணிப் போத்தலைத் தூக்கியதும் கடைக்கார அக்கா ஓடிவந்தார். "ஊத்தாதீங்க தம்பி, சூட்டோட ஊத்தினா டிஸ்க் வெடிச்சுரும். சும்மா ஆறட்டும். இங்க தெனமும் ரெண்டு வண்டி இப்படித்தான் வந்து நிக்கும்." ஒரு மணித்தியாலம் நின்றோம். யாரும் பேசவில்லை. கெரண்டி எல்ல அங்கிருந்து தூரமில்லை. 2025 மே 11 அதிகாலை பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோன இடம். அந்த விபத்தின் காரணம் வேறு, எங்கள் கதை வேறு. ஆனால் பள்ளம் ஒன்றுதான்.

அடுத்த நாள் கராஜ் பாஸிடம் போனோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இழுக்கிறதுக்கு கெப் பாத்தீங்க. நிப்பாட்டுறதுக்கு என்னா பாத்தீங்க?"

கையேட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தோம். 3500 கிலோ என்பதற்குப் பக்கத்திலேயே இன்னொரு எண் இருந்தது: 750. ட்ரெய்லருக்குச் சொந்தமாக பிரேக் இருந்தால் 3500. இல்லாவிட்டால் 750. ஹைலக்ஸுக்கு மட்டுமல்ல, இந்த வகை கெப்புகள் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய இதுதான் கணக்கு. எங்கள் ட்ரெய்லரில் பிரேக் இருந்த அடையாளம் மட்டும்தான் இருந்தது.

"எடை எவ்வளவு?"

"ஆயிரத்து இருநூறு இருக்கும் அண்ணே."

"இருக்குமா, இருக்கா?"

இந்தக் கேள்வி சுட்டது. தராசில் ஏமாந்து ஏமாந்து கிலோ கணக்குப் பார்க்கப் பழகிய வீட்டுப் பிள்ளைகள் நாங்கள். கொழுந்து நிறுக்கும்போது அரைக் கிலோவுக்கு அம்மாமார் சண்டை பிடிப்பதைப் பார்த்து வளர்ந்துவிட்டு, உயிர் தொங்குகிற இடத்தில் குத்துமதிப்பாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறோம். லொறி நிறுக்கிற தராசு உள்ள இடத்துக்கு ட்ரெய்லரைக் கொண்டுபோனோம். 1850 கிலோ. தாங்கித் தண்ணி மட்டும் 200 லீட்டர், அதாவது 200 கிலோ. பெட்டிக்கு அடித்த தடித்த பலகையும் புத்தகங்களும் மிச்சத்தைச் செய்திருந்தன.

பாஸ் காகிதத்தில் போட்டுக் காட்டிய கணக்கை இங்கே தருகிறோம், யாருக்காவது உதவும். கெப், நாலு பேர், ட்ரெய்லர் எல்லாம் சேர்த்து 4000 கிலோ என்று வையுங்கள். நுவரெலியாவிலிருந்து புசல்லாவைக்கு இறங்குகிற உயரம் 900 மீற்றர் என்று வையுங்கள். அந்த எடை அவ்வளவு தூரம் கீழே வரும்போது வெளிவிடுகிற சக்தி கிட்டத்தட்ட 10 யூனிட் மின்சாரம். 100 லீட்டர் பச்சைத் தண்ணியைக் கொதிக்க வைக்கிற சூடு அது. டயரும் காற்றும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். கியரைக் குறைத்து வந்தால் எஞ்சின் பெரும் பங்கை வாங்கும். நாலாவது கியரில் வந்தால் மிச்சம் எல்லாம் நாலு சில்லின் பிரேக்குக்கு. பிரேக் எண்ணெய் பழசாகித் தண்ணியை உறிஞ்சியிருந்தால் சீக்கிரமே கொதிக்கும். கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், பெடல் பஞ்சாகும். "ஏறின கியர்லயே இறங்கணும்" என்று பழைய லொறி டிரைவர்மார் சொல்வதற்கு அர்த்தம் இதுதான்.

இன்னொன்றும் சொன்னார். ட்ரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியில் உட்கார வேண்டும். எங்களுடையதுக்கு அது 185 கிலோ, அதுவும் கெப் சுமக்கிற சாமான் கணக்கில்தான் சேரும். நாங்கள் தண்ணித் தாங்கியைப் பின் கோடியில் வைத்திருந்ததால் முன்பக்கம் லேசாகி, சமதரையில்கூட ட்ரெய்லர் பாம்பு மாதிரி ஆடியிருக்கிறது. நாங்கள் அதை ரோட்டின் குற்றம் என்று நினைத்தோம்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் இரண்டு வாரம் சண்டை. ட்ரெய்லரே வேண்டாம், பெட்டியைக் கழற்றி ஒரு 14 அடி லொறியின் முதுகில் வைப்போம், கென்டர், எல்ஃப் மாதிரி லொறியில் எக்ஸோஸ்ட் பிரேக்கும் இருக்கிறது என்று இரண்டு பேர். அது நியாயமான யோசனைதான், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் கேரவனை ஒரு இடத்தில் விட்டுவிட்டு வண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு வேலைக்குப் போக முடியாது. கூட்டாளி கடைசி வரை டபுள் கெப்பில் நின்றான். ஒரு நாள் ராத்திரி உண்மையைச் சொன்னான்: "ஒரு தடவையாவது லயத்து வாசல் வரைக்கும் அதுல வந்து எறங்கணும்டா." யாரும் சிரிக்கவில்லை. எங்களுக்கும் அதே ஆசைதான்.

முடிவில் தலைகீழாக யோசித்தோம். முதலில் ட்ரெய்லர், பிறகுதான் கெப். தாங்கியை 60 லீட்டராகக் குறைத்து அச்சுக்கு மேலே மாற்றினோம். பலகையைக் கழற்றி அலுமினியத் தகடு அடித்தோம். திரும்ப நிறுத்தோம்: 1320. ட்ரெய்லர் சில்லுகளுக்கு மின் பிரேக் பொருத்துகிற வேலை நடக்கிறது. டிரைவர் பக்கத்திலிருந்தே அதைத் தனியாகப் பிடிக்கலாம். கெப் வாங்க வைத்திருந்த காசில் ஒரு பங்கு இதற்கே போனது. போகட்டும்.

இப்போது கெப் பார்க்கப் போனால் நாங்கள் போனட்டைக் கடைசியில்தான் திறக்கிறோம். முதலில் கீழே படுத்து சேசிஸில் துரு, ஒட்டு வெல்டிங் இருக்கிறதா என்று பார்க்கிறோம். கொக்கி சேசிஸோடு பூட்டியிருக்கிறதா, பம்பரில் தொங்குகிறதா? பிரேக் எண்ணெய் எப்போது மாற்றியது? டர்போ உண்டா, ஃபோர்-வீலில் லோ கியர் வேலை செய்கிறதா? புத்தகத்தில் மொத்தம் எவ்வளவு எடை அனுமதி? ட்ரெய்லரின் பதிவும் காப்புறுதியும் சரியா, எங்கள் லைசன்ஸ் வகுப்புக்கு அந்த எடை அடங்குமா என்று மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் எழுத்தில் கேட்டிருக்கிறோம். பெயின்ட் எப்படி இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிப் பார்த்ததில் எங்கள் காசுக்கு அடங்கியது ஒரு சிங்கிள் கெப்தான். டபுள் கெப்பை விடப் பின்தட்டு நீளம், சுமக்கிற எடையும் கூட. அடுத்த வாரம் பாஸையும் கூட்டிக்கொண்டு போய் இன்னொரு தடவை பார்க்கப் போகிறோம். கேரவன் இப்போதைக்கு ரோட்டோரம் நிற்கிறது. பின்னேரங்களில் பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து புத்தகம் வாசிக்கிறார்கள். கூட்டாளியின் அம்மாவும் வந்து வாசல்படியில் உட்காருவார். அவர் கேட்ட கேள்விக்கு இன்னும் எங்களிடம் பதில் இல்லை. அதற்கு எந்தக் கெப்பும் பதில் சொல்லாது என்பது மட்டும் தெரிகிறது.

சிங்கிள் கெப்பில் முன்னால் மூன்று பேர்தான் உட்காரலாம். நாலாவது ஆள் யார் என்று இன்னும் முடிவாகவில்லை. "லொட்டு போட்டு எடுப்போம், விழுறவன் பஸ்ல வரட்டும்" என்கிறான் கூட்டாளி.