மாவலிப் பொறி

கார்த்திகைத் தீபத்தன்று உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு சிற்றூரில் வைக்கோல் போர் ஒன்று எரிந்தது. பழி ஒரு சிறுவன்மேல் விழுந்தது. காரணம் நான். ஊரின் பெயரை எழுதாமல் விடுகிறேன். அந்தப் பையனை யாரும் தேடிப் போகக் கூடாது.

தனியாகப் போயிருந்தேன். பகல் முழுக்க வைகுண்டப் பெருமாள் கோயிலில் இருந்தேன். ஊர் வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகளைச் சொல்லும், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள், 919லும் 921லும் வெட்டியவை, அங்கேதான் இருக்கின்றன. முப்பது குடும்பு, வரி கட்டும் கால் வேலி நிலம், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது என்று விதிகளை மனப்பாடமாகச் சொல்வேன். சாயங்காலம் அந்தச் சிற்றூர் டீக்கடையில் இருந்தவர்களுக்கும் சொன்னேன். அவர்கள் மண்ணின் கதையை அவர்களுக்கே விளக்கினேன். மரியாதையாகக் கேட்டார்கள். அந்த மரியாதை எனக்குத் தலைக்கேறியது. பிறகு நான் சொன்னதை அந்தப் பையன் ஏன் தட்டவில்லை என்பதற்கு இதுவும் காரணம்.

இருட்டியதும் திண்ணைகளில் அகல் ஏற்றினார்கள். கோயில் திடலில் ஓலை வேய்ந்த சொக்கப்பனை தயாராக நின்றது. பிள்ளைகள் மாவலி சுற்றத் தொடங்கினார்கள். வட மாவட்டத்துக்காரர்களுக்கு இது தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, உப்புச் சேர்த்து இடித்து, துணியில் சுருட்டிக் கட்டுவார்கள். அதைப் பனைமட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கயிற்றில் பிணைத்து, நுனியில் கங்கு வைத்துத் தலைக்கு மேல் சுழற்றுவார்கள். பொறிகள் குடை விரித்ததுபோல் கொட்டும்.

எனக்கு அந்தப் படம் வேண்டும். திடலில் டியூப்லைட் வெளிச்சம் கெடுத்தது. ஒரு பையனை இருட்டான இடத்துக்குக் கூட்டிப் போனேன். பத்துப் பதினோரு வயது இருக்கும். ஒரு வீட்டின் பின்பக்கம். அங்கே போர் இருந்தது. சில நாளாக மழை இல்லை. மாட்டுக்குப் பிடுங்கிப் பிடுங்கி ஒரு பக்கம் குடைந்திருந்தது. அந்தப் பக்கம் முழுக்கக் காய்ந்த வைக்கோல்.

"அண்ணா, போரு கீதுண்ணா. அந்தாண்ட போலாமா?" என்றான்.

அவன் எச்சரித்தான். போர் எங்கே இருக்கிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, இரண்டும் எனக்குத் தெரியும். தெரியாமல் நடந்தது என்று சொல்ல வழியில்லை. பின்னால் அந்தப் போர் மங்கலாகத் தெரிந்தது படத்துக்கு நன்றாக இருந்தது. "ஒண்ணும் ஆகாது, வேகமா சுத்து" என்றேன். சுற்றினான். படத்தைப் பார்த்தேன். இன்னொரு தடவை என்றேன். சுற்றினான்.

புகையை அவன்தான் முதலில் பார்த்தான். நான் கேமராத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊரே குடத்தோடு ஓடிவந்தது. கொட்டகையிலிருந்து மாடுகளை அவிழ்த்துவிட்டார்கள். போர் போய்விட்டது. அது ஒரு வயதான அம்மாவுடையது. இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைப்பவர். சம்பா அறுப்பு தையில்தான். அதுவரை மாடுகளுக்கு இருந்த தீனி அதுதான். "மாட்டுக்கு இனிமே இன்னாத்தப் போடுவேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

பையன் கையில் மாவலி இருந்தது. ஊருக்கு அந்தச் சாட்சி போதும். அவன் அப்பா மட்டையைப் பிடுங்கி அதனாலேயே அடித்தார். அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. என்னைப் பார்த்தான், அவ்வளவுதான். நானே சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பான். "நான்தான் சுத்தச் சொன்னேன்." இந்த மூன்று சொல் என் வாயில் வரவில்லை. கேமராவைப் பைக்குள் வைத்தேன். கடைசி பஸ் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன். அவர் டார்ச் அடித்து ரோடு வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

அடிப்பார்கள் என்று பயப்படவில்லை. பணத்துக்கும் பயமில்லை. என்னுடைய ஒரு லென்ஸின் விலையில் அதுபோல் பல போர்கள் வாங்கலாம். டீக்கடையில் கிடைத்த மரியாதை போய்விடும் என்றுதான் பயந்தேன். தனியாக ஊர் சுற்றுவது எனக்குப் பிடித்ததே, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம் என்பதால்தான். அன்றைக்கு எனக்குப் பதிலாக ஒரு குழந்தை பதில் சொன்னது.

வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர்கள் என்று அந்தக் கல்வெட்டில் ஒரு விதி இருக்கிறது. டீக்கடையில் அதைத்தான் அழுத்திச் சொல்லியிருந்தேன்.

தை பிறந்த பிறகு மறுபடி போனேன். சொல்லிவிடுவதென்றுதான் போனேன். கொட்டகையில் ஒரு மாடு மட்டும் நின்றது. தீனி இல்லாமல் மற்றதை விற்றுவிட்டார் என்று டீக்கடையில் சொன்னார்கள். "எல்லாம் அந்தப் பையன் பண்ண வேலை சார்" என்றார்கள். நான் தலையாட்டினேன். முதல் தடவை மௌனமாக இருந்தேன். இந்தத் தடவை பொய்க்கு ஒப்புக்கொண்டேன். இது அதைவிடக் கேவலம்.

படத்தை அழிக்கவில்லை. பையன், மாவலி, பின்னால் போர், மூன்றும் அதில் இருக்கின்றன. அவனை அங்கே நிறுத்தியது யார் என்று கேட்க வேண்டிய அவன் அப்பாவுக்கு அதை நான் இன்னும் காட்டவில்லை.