இசைத்தட்டா, சிடியா? ஒரு பதிலும் ஒரு வேண்டுகோளும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

கும்பகோணம் வீட்டைக் காலி செய்துவிட்டு அடுத்த மாதம் சென்னைக்கு மகன் வீட்டுக்குப் போகிறேன். அங்கே எனக்கென்று ஒரு அறை, ஒரு அலமாரி. இங்கே இருப்பதோ, நீங்கள் ‘சார்’ என்று கூப்பிட்ட என் கணவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூற்றுப் பத்து இசைத்தட்டுகள், ஒரு ரெக்கார்டு பிளேயர், இருநூறுக்குக் குறையாத சிடிக்கள். ஏதாவது ஒன்றுதான் அந்த அலமாரியில் அடங்கும். அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. முடிவை நான்தான் எடுக்க வேண்டும்.

“டீச்சர், தட்டை மட்டும் விட்டுடாதீங்க, சிடியைவிட அதுலதான் சவுண்டு நல்லா இருக்கும்” என்று உங்களில் நாலைந்து பேர் போனில் சொன்னீர்கள். ஒருவன் காரணமும் சொன்னான். சிடியில் பாட்டைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கிறார்களாம், தட்டில் முழுசாக இருக்கிறதாம்.

கேட்க நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் விஷயம் வேறு. சிடியில் ஒலியை நொடிக்கு 44,100 தடவை அளந்து எண்ணாக எழுதுகிறார்கள். அதைத் திரும்ப ஒலியாக்கும்போது படிக்கட்டு படிக்கட்டாக வராது. 20,000 ஹெர்ட்ஸ் வரை உள்ள அதிர்வுகள் பழையபடி வழவழவென்றே வந்துவிடும். மனிதக் காதின் எல்லையும் ஏறக்குறைய அதுதான். அறுபதைத் தாண்டிய என் காதுக்கு அந்த எல்லை இன்னும் கீழே இறங்கிவிட்டது.

இப்போது தட்டுக்கு வருவோம். பழைய வழக்கப்படி ஒரு கணக்கு போடுகிறேன். எல்பி தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும். அப்படியானால் ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. வெளி ஓரத்தில் ஒரு சுற்றின் நீளம் சுமார் 92 செ.மீ.; உள்ளே லேபிளுக்குப் பக்கத்தில் சுமார் 38 செ.மீ. இரண்டுக்கும் அதே 1.8 நொடிதான். வெளியே நொடிக்கு 51 செ.மீ. தாராளமாக இருந்த இடம், உள்ளே போகப் போக 21 செ.மீ. ஆகச் சுருங்கிவிடுகிறது. அவ்வளவு ஒலியையும் அதற்குள் நெருக்கி எழுத வேண்டும். அதனால்தான் ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டில் ‘ஸ’ வரும் இடமெல்லாம் கரகரக்கிறது. சிடி உள்ளிருந்து வெளியே போகும். நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்றில் தொடங்கி 200 சுற்றுக்குத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் ஒரே தரம்.

இத்தனை தட்டு சேர்த்த மனிதரே, கச்சேரி கேட்கச் சிடியைத்தான் எடுப்பார். எல்பியில் ஒரு பக்கம் இருபது, இருபத்தைந்து நிமிடம். ராகம் தானம் பல்லவி ஓடிக்கொண்டிருக்கும்போது எழுந்து தட்டைத் திருப்ப வேண்டும். “சாப்பிடுறவனைப் பாதியில எழுப்பின மாதிரி இருக்கு” என்பார். சிடியில் 74 நிமிடம் நிம்மதியாக உட்காரலாம். பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் தம்புராவின் சுருதி மட்டும் தனியாகக் கேட்கும். தட்டில் அந்த இடத்தில் ஊசியின் இரைச்சலும் சேர்ந்து வரும்.

அதற்காகத் தட்டு மட்டம் என்று சொல்ல மாட்டேன். 1990களுக்குப் பிறகு வந்த பல சிடிக்களில் சத்தம் தூக்கலாக இருக்க வேண்டும் என்று மெல்லிய இடத்தையும் உரத்த இடத்தையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அப்படிக் கெடுத்த பாட்டுக்குப் பழைய தட்டே மேல். அது சிடி என்ற பொருளின் குறை கிடையாது, தயாரித்தவர்களின் அவசரம். சிடியில் வராமலே போன பாட்டுகளும் உண்டு. அட்டையையும் சொல்ல வேண்டும். எல்பி அட்டையில் பக்கவாத்தியக்காரர் பெயர்வரை கண்ணாடி போடாமல் படிப்பேன். சிடியின் குட்டிப் புத்தகத்துக்குப் பூதக்கண்ணாடி வேண்டும்.

கடைசியில் முடிவு செய்தது காதும் கண்ணும் இல்லை, கை. இரண்டு வருடமாக எனக்குக் கைநடுக்கம். ஊசியைத் தட்டின் ஓரத்தில் மெதுவாக இறக்க முடியவில்லை. நடுங்கும் கையால் அவர் பார்த்துப் பார்த்து வைத்த தட்டுகளில் கீறல் போட எனக்கு மனசு வரவில்லை. சிடிக்கு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். 1963-ல் எல்பியாக வந்த எம்.எஸ். அம்மாவின் சுப்ரபாதம் எங்கள் வீட்டில் இரண்டு வடிவிலும் இருக்கிறது. காலையில் இப்போது சிடியில்தான் கேட்கிறேன். அதே அம்மா, அதே விடியற்காலை.

அதனால் சிடிக்கள் என்னோடு சென்னைக்கு வருகின்றன. தட்டுகளையும் பிளேயரையும் உங்களில் ஒருவருக்குக் கொடுக்கப் போகிறேன். காசு வேண்டாம். மொத்தமாக ஒரே வீட்டுக்குப் போக வேண்டும்.

வாங்கிக்கொள்பவர் கவனத்துக்குச் சில:

தட்டுகளைப் புத்தகம் போல நிமிர்த்தி அடுக்குங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால் நம் ஊர் வெயிலுக்கு வளைந்துவிடும். ஜன்னல் ஓரம் ஆகாது.

அதில் ஏழு தட்டுகள் பழைய 78 சுற்று அரக்குத் தட்டுகள். கீழே விழுந்தால் உடையும். எல்பி ஊசியை அவற்றில் வைக்காதீர்கள். அவற்றின் தடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம், தனி ஊசி வேண்டும்.

சூட்கேஸ் மாதிரி வரும் மலிவான பிளேயர்களில் இவற்றைப் போடாதீர்கள். நல்ல பிளேயரில் ஊசி சுமார் 2 கிராம் கனத்தில் தட்டைத் தொடும். மலிவானவற்றில் பல அதைப் போல இரண்டு மூன்று மடங்கு கனத்தில் அழுத்தித் தடத்தைத் தேய்த்துவிடும்.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு அட்டையின் பின்பக்க மூலையிலும் வாங்கிய தேதி, விலை, அன்று வீட்டில் என்ன விசேஷம் என்று சார் பென்சிலால் எழுதியிருப்பார். மகன் பிறந்த வாரத்தில் வாங்கிய தட்டும் அதில் இருக்கிறது. சுத்தம் செய்கிறேன் என்று அதை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

விருப்பம் உள்ளவர்கள் இந்த மாதக் கடைசிக்குள் போன் செய்யுங்கள். வீட்டில் பிளேயர் வைக்க இடமும், உட்கார்ந்து கேட்க ஒரு ஆளும் இருந்தால் போதும். வரும்போது சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

வாழ்க வளமுடன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்