ஏழு பேருக்கும் காவல்

தியானப் பகுதி: 2 சாமுவேல் 21:1-14



நவம்பர் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, போர்களில் மரித்தோரை நினைவுகூரும் நாளாக உலகின் பல திருச்சபைகளில் ஆசரிக்கப்படுகிறது. 1918 நவம்பர் 11 அன்று முதல் உலகப் போர் ஓய்ந்ததையொட்டி உண்டான வழக்கம் இது. அந்த ஞாயிறுக்கு முந்திய வாரத்தில் கிருஷ்ணகிரி மலைக்கோட்டைக்கு ஏறிச் செல்வதை நான் சில ஆண்டுகளாக வழக்கமாக வைத்திருக்கிறேன். போர்க்களத்தைக் காண நாம் தூரதேசம் போக வேண்டியதில்லை. ஓசூரிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத்தில் ஒரு போர்க்களம் இருக்கிறது. அதன் அடிவாரத்தைக் கடந்துதான் நாம் எல்லாக் கலியாணங்களுக்கும் போய் வருகிறோம்.

இம்முறை இராணுவத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் சபை மூப்பர் ஒருவரும் உடன் வந்தார்.

1791 நவம்பர் 7. மூன்றாம் மைசூர்ப் போர் நடந்துகொண்டிருந்த காலம். மாக்ஸ்வெல் என்னும் தளபதியின் கீழிருந்த கம்பெனிப் படை அன்று இரவு கிருஷ்ணகிரியின் பேட்டையையும் கீழ்க்கோட்டையையும் பிடித்தது. தப்பியோடியவர்களைத் துரத்திக்கொண்டே மேல்கோட்டையின் வாசல்வரைக்கும் ஏறிற்று. வாசல் அடைபட்டது. ஏணிகளைச் சாத்த முயன்றவர்கள்மேல் திப்பு சுல்தானின் வீரர்கள் பாறைகளை உருட்டிவிட்டார்கள். ஏணிகளும் மனிதரும் நொறுங்கினபின் படை பின்வாங்கியது. அடுத்த ஆண்டு மார்ச் மாதத்தில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. இரத்தம் சிந்தியும் கிடைக்காத கோட்டை, பாராமகால் நாட்டோடுகூட ஒரு காகிதத்தினால் கம்பெனியின் வசமாயிற்று.

செங்குத்தான அந்தப் பாறைச் சரிவில் மூச்சு வாங்க நாங்கள் உட்கார்ந்தோம். மேலே தர்கா இருக்கிறது. அங்கே அடங்கியிருப்பவர்களும் போர்வீரர்களே என்று ஊரார் சொல்லுகிறார்கள். கீழே கிருஷ்ணகிரி அணையின் நீர்ப்பரப்பும், மாந்தோப்புகளும், பெங்களூருச் சாலையில் எறும்புபோல் ஊரும் லாரிகளும் தெரிந்தன. இரண்டு நிமிடம் மௌனமாய் நிற்கலாம் என்று எழுந்தோம். அப்போது மூப்பர் கேட்டார்: “ஐயா, யாருக்காக நிற்கப்போகிறோம்? ஏறி வந்தவர்களுக்கா, கல்லை உருட்டினவர்களுக்கா?”

என்னால் உடனே பதில் சொல்லக் கூடவில்லை. ஏறி வந்த சிப்பாய்களில் பெரும்பாலோர் இந்நாட்டவரே. மேலே நின்றவர்களும் இந்நாட்டவரே. ஆனால் என்னைத் தடுத்தது சரித்திரம் அல்ல. வேறொருவர் என்னிடம் கேட்ட கேள்வி அப்போது என் நினைவுக்கு வந்தது.

2016 செப்டம்பர் 12-ஆம் தேதியை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். காவிரி நீர் குறித்த தீர்ப்பையொட்டிப் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் கொளுத்தப்பட்டன. எல்லையில் வண்டிகள் நின்றுபோயின. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, பைகளைச் சுமந்துகொண்டு, அத்திப்பள்ளியிலிருந்து ஜூஜூவாடிவரை ஜனங்கள் நடந்தே வந்தார்கள். நம் சபையாரும் அவர்களில் இருந்தார்கள். அடுத்த ஞாயிறு ஆராதனையில் நான் ஊக்கமாய் ஜெபித்தேன். “எங்கள் ஜனங்களைக் காத்தருளும்” என்று ஜெபித்தேன்.

ஆராதனை முடிந்தபின் கன்னடம் பேசும் சகோதரி ஒருவர் என்னிடம் வந்தார். பல ஆண்டுகளாக நம்மோடு தமிழிலேயே பாடி, தமிழிலேயே ஜெபித்தவர். “பெங்களூரில் போலீஸ் சுட்டதில் ஒரு பையன் செத்துப்போனானே, ஐயா. அவனுடைய தாய்க்காகவும் ஒரு வார்த்தை ஜெபித்திருக்கலாமே?” என்றார். “இந்த நேரத்தில் அது வேண்டாம், அம்மா” என்றேன். சபையார் வருத்தப்படுவார்களே என்று பயந்தேன். அதை ஞானம் என்றும் எண்ணிக்கொண்டேன். அவர் வேறொன்றும் சொல்லவில்லை. சில மாதங்களுக்குப்பின் மகனோடு மண்டியாவுக்குக் குடிபெயர்ந்தார்.

இந்த வாரத் தியானப் பகுதியில் ரிஸ்பாளைப் பார்க்கிறோம். சவுலின் வீட்டார் எழுவர் மலையில் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களை அடக்கம்பண்ணுவார் இல்லை. அவள் பாறையின்மேல் இரட்டு விரித்து, அறுப்பின் தொடக்கமுதல் மழை பெய்யும்வரைக்கும் இரவும் பகலும் காவலிருந்தாள். செமினரியில் இந்தப் பகுதியைப் படித்தேன், பிரசங்கமும் பண்ணியிருக்கிறேன். ஆயினும் அந்த மலைச்சரிவில்தான் ஒன்று எனக்கு விளங்கிற்று. அந்த எழுவரில் அவள் பெற்றவர்கள் இருவர்மாத்திரமே. மற்ற ஐவரும் வேறொருத்தியின் பிள்ளைகள். பறவை வந்தபோது, யாருடைய பிள்ளைமேல் இறங்குகிறது என்று அவள் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. எல்லாரையும் காத்தாள். அவள் செய்தது தாவீதின் செவிக்கு எட்டியது. தன்னை வேட்டையாடின சவுலின் எலும்புகளையும், அந்த எழுவரின் எலும்புகளையும் சேர்த்து அவன் அடக்கம்பண்ணுவித்தான். அதற்குப் பின்புதான் தேசத்துக்கான ஜெபம் கேட்கப்பட்டது என்று வேதம் முடிக்கிறது. இந்த வரிசையைக் கவனியுங்கள்.

“இரண்டு பக்கத்தாருக்கும் நிற்போம்” என்று மூப்பரிடம் சொன்னேன். நின்றோம்.

அன்று மாலை மண்டியாவுக்குத் தொலைபேசியில் பேசினேன். இத்தனை ஆண்டுகளாகச் செய்திருக்க வேண்டியது. மன்னிப்புக் கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை. பின்பு அவர், “அன்றைக்கே உங்களுக்காக ஜெபித்துவிட்டேன், ஐயா. உங்கள் முகம் வாடியிருந்தது” என்றார்.

பிரியமானவர்களே, நம்மில் அநேகர் தினமும் விடியுமுன் கம்பெனி பஸ்ஸில் எல்லையைக் கடக்கிறீர்கள். ஒரே இயந்திரத்தின் இரு பக்கத்தில் நின்று, வேறு மொழி பேசுகிறவரோடு வேலை செய்கிறீர்கள். தண்ணீருக்காகவோ மொழிக்காகவோ மறுபடியும் ஒரு கொந்தளிப்பு எழும்பலாம். அந்த நாளில் உங்கள் ஜெபத்தில் எத்தனை பேருக்கு இடமிருக்கும்? இந்த ஞாயிறு மௌன வேளையில், நீங்கள் நினைக்க விரும்பாத ஒருவரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜெபம்: எல்லாருக்கும் பிதாவாகிய தேவனே, எங்களுடைய மரித்தோரைமாத்திரம் எண்ணிக்கொண்டிருந்த எங்களை மன்னியும். பிறருடைய பிள்ளைகளுக்காகவும் விழித்திருக்கும் இருதயத்தை எங்களுக்குத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.