முதலிடம், பத்துக்கு எட்டு அளவில்

நாமக்கல், மே 7, 2025, புதன்

நாளைக்கு பிளஸ் டூ ரிசல்ட். 9ஆம் தேதி என்றிருந்ததை ஒரு நாள் முன்னால் இழுத்துவிட்டார்கள். ஃபிளெக்ஸ் ரோல் வெள்ளிக்கிழமைதான் வருகிறது. இருப்பதை வைத்து ஓட்ட வேண்டும்.

சாயங்காலமே இரண்டு பள்ளிக்காரர்கள் வந்து டிசைனை முடித்துவிட்டுப் போனார்கள். தாளாளர் படம் இருக்கிறது, கிரீடம் இருக்கிறது, பட்டாசு வெடிக்கிறது. நடுவில் மட்டும் காலி. "ஒன்பதரைக்கு வாட்ஸ்அப் பண்றோமுங்க, பன்னண்டுக்குள்ள கட்டிப்போடோணும்."

மாதிரிக்குப் பழைய ஃபைல் ஒன்றைத் திறந்தேன். 1200க்கு 1184 என்று இருந்தது. 2018 வரைக்கும் அந்தக் கணக்கு. அடுத்த வருஷத்திலிருந்து 600.

மே 8, வியாழன்

மாநிலத்தில் 95.03 சதவீதம் பாஸ். அதற்கெல்லாம் யாரும் போர்டு வைப்பதில்லை.

வந்த போட்டோக்கள் எல்லாம் தபால்தலை அளவு. ஆறடிக்கு இழுத்தால் முகம் கட்டம் கட்டமாக உடைகிறது. இரட்டைச் சடை போட்ட பிள்ளைகளுக்குப் பின்னணி வெட்டுவதுதான் பெரும்பாடு. ரிப்பன் ஓரத்தில் நீலம் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

2017இல் செங்கோட்டையன் அமைச்சராக இருந்தபோது ரேங்க் பட்டியலை அரசாங்கம் நிறுத்திவிட்டது. அதற்கு முன்பு மாநில முதல் மூன்று இடம் யாருக்கென்று கல்வித்துறையே சொல்லும். மறுநாள் பேப்பரில் அம்மா லட்டு ஊட்டும் படம் வரும். இப்போது அதிகாரப்பூர்வமாக முதலிடம் என்று ஒன்று கிடையாது. அதனால் ஆளுக்கொரு முதலிடம்.

காலையில் ஒரு பள்ளி "மாவட்ட முதலிடம்" என்று அடிக்கச் சொன்னது. அரை மணி நேரத்தில் இன்னொரு பள்ளியும் அதே வாசகம், ஒரு மார்க் கூடுதல். முதல் பள்ளிக்குப் போன் போட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "சரிங்க, உயிரியல் பிரிவில் மாவட்ட முதலிடம்னு போட்டுருங்க." அந்தப் பிரிவிலும் வேறொருவர் முந்தியிருந்தால்? "பெண்களில்" என்று ஒரு சொல் சேரும். என் கடையில் யாரும் இரண்டாவதாக வந்தது கிடையாது.

மே 9, வெள்ளி

இல்லை, வந்திருக்கிறது. முதல் பிள்ளை 593, அடுத்த பிள்ளை 592. பள்ளி கொடுத்த கணக்குப்படி முதல் படம் ஆறடி, அடுத்தது மூன்றடி, மற்றவர்கள் கீழே வரிசையாக, சந்தையில் தேங்காய் அடுக்கியதுபோல.

592இன் அப்பா கடைக்கு வந்தார். லாரி பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டர். மேஜை மேல் கிடந்த டேப்பை எடுத்து, ரிங் அடிக்க விரித்திருந்த போர்டில் இரண்டு படத்தையும் அளந்தார். "ஒரு மார்க்குக்கு மூணடியாங்க?" கோபமில்லை, அளவில் தப்பு இருக்கிறது என்று பட்டறையில் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

ஆறுக்கு நாலில் தனியாக ஒரு போர்டு ஆர்டர் கொடுத்தார். பள்ளி பேர் போடட்டுமா என்று கேட்டேன். "வேண்டாமுங்க. ஃபீஸ் கட்டுன ரசீதுலதான் அவங்க பேரு இருக்குதே." மகளும் கூட வந்திருந்தாள். அவள் கேட்டது ஒன்றுதான்: மொத்த மார்க்கைச் சின்னதாக்கி, "தமிழ் 99" என்பதைப் பெரிதாகப் போட வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸில் சென்டம் ஆயிரக்கணக்கில் விழும். தமிழில் விழுவது அபூர்வம். விவரமான பிள்ளை.

மே 16, வெள்ளி

காலையில் பத்தாம் வகுப்பு, மதியம் பிளஸ் ஒன். பத்தாவதுக்கு நல்ல கூட்டம். பிளஸ் ஒன்னுக்கு ஒரு ஈ காக்கை இல்லை.

இத்தனைக்கும் இந்தப் பக்கத்துப் பள்ளிகளின் பழக்கத்தால்தான் அந்தப் பொதுத்தேர்வே 2017-18இல் வந்தது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு வருஷமும் பன்னிரண்டாவதையே உருப்போட வைப்பார்கள். என் அக்கா மகன் அப்படியொரு ஹாஸ்டலில் படித்தவன். அவனுடைய பிளஸ் ஒன் பிசிக்ஸ் புத்தகம் பேர் எழுதின நாளோடு சரி, அட்டை கசங்காமல் வீட்டுக்கு வந்தது. போர்டில் அவன் படம் இருந்தது. இன்ஜினியரிங் முதல் செமஸ்டரில் கணக்கு அரியர். அந்தப் போர்டையும் நான்தான் அடித்தேன், முழு ரேட்டுக்கு.

மே 29, வியாழன்

விஜய் கட்சித் தம்பிகள் வந்தார்கள். நாளைக்கு மாமல்லபுரத்தில் முதல் கட்டப் பரிசளிப்பு விழா. தொகுதிவாரியாகப் பத்தாவதிலும் பிளஸ் டூவிலும் முதல் மூன்று இடம். 2023இல் நீலாங்கரையில் ஆரம்பித்த வழக்கம். 600க்கு 600 எடுத்த திண்டுக்கல் பிள்ளைக்கு அந்த வருஷம் வைர நெக்லஸ் கொடுத்தார்.

அரசாங்கம் மூன்று பேரை எடுத்துவிட்டது. இவர்கள் 234 தொகுதிக்கும் மும்மூன்று பேரைத் தேடிப் பிடிக்கிறார்கள். கேலி செய்யத் தோன்றவில்லை. பெரும்பாலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எங்கள் போர்டுக்கு வருவதே இல்லை. அங்கே படம் போட தாளாளர் கிடையாது. தொகுதிக் கணக்கில் அவர்களும் மேடை ஏறிவிடுகிறார்கள். மேடைக்குப் பின்னால் யார் முகம் எத்தனை அடி என்பது தனிக்கதை. அதை அடிக்கிறவன் நான் பேசக் கூடாது.

ஜூன் 14, சனி

நீட் ரிசல்ட். இந்த முறை கேள்வித்தாள் கடினம். இந்தியாவிலேயே முதலில் வந்தவருக்கு 720க்கு 686தான். அதனால் ஐந்நூற்றுச் சொச்சத்துக்கும் கிரீடம் உண்டு.

ரோட்டோரத்தில் கட்டிய மே மாதத்துப் போர்டுகளை மாநகராட்சி ஏற்கெனவே அவிழ்த்துவிட்டது. 2019இல் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஒரு பெண் இறந்த பிறகு கெடுபிடி அதிகம். பள்ளிக்காரர்கள் இப்போது காம்பவுண்டுக்கு உள்ளேயே, வெளியே பார்த்த மாதிரி கட்டிக்கொள்கிறார்கள்.

மத்தியானம் ஒரே பையனுடைய போட்டோ இரண்டு இடத்திலிருந்து வந்தது. போன வருஷம் பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரு வருஷம் கோச்சிங் போனவன். "எங்கள் மாணவன்" என்று பள்ளி. "எங்கள் மாணவன்" என்று கோச்சிங் சென்டர். பள்ளி அனுப்பியதில் யூனிஃபார்ம், மற்றதில் மீசை. இரண்டு பேருக்கும் அவசரம், சாயங்காலத்துக்குள் வேண்டுமாம். கோச்சிங் சென்டர் முன்பணம் கட்டிவிட்டது. பள்ளிக்கு மே மாதப் பாக்கியே நிற்கிறது. மீசை வைத்தவன்தான் முதலில் மிஷினில் ஓடுகிறான்.