சீன எழுத்து படம் இல்லை

நான் எம்பிபிஎஸ் படிச்சது சீனாவில். இப்போ இங்க அரசு மருத்துவமனை டியூட்டி ரூம்ல அடிக்கடி வர்ற கேள்வி: "அந்த ஊர் எழுத்தெல்லாம் படம் மாதிரிதானே? வலது மூளையாலதான் படிப்பாங்களாமே?" டீ ஆறுறதுக்குள்ள சொல்லி முடிக்க முடியாத பதில். அதனால இங்க எழுதுறேன். நீளமான த்ரெட், பொறுத்துக்கோங்க.

எங்களுக்குப் பாடம் ஆங்கிலத்தில். ஆனா வார்டுக்குள்ள கேஸ் ஷீட், மருந்து அட்டை, வாசல் போர்டு எல்லாம் சீனம். முதல் சில மாசம் எல்லாமே குச்சிக் குச்சியாத்தான் தெரிஞ்சது. அப்புறம் கண்ணுல பட ஆரம்பிச்சது: பல நோய்ப் பெயர்களுக்கு மேலயும் இடது பக்கமும் ஒரே மாதிரி ஒரு கூரை. அது இருந்தா வியாதி சமாச்சாரம். கூரைக்குள்ள இருக்கிற பகுதி எப்படி உச்சரிக்கணும்னு சொல்லும். சீதபேதி 'லீ'. உள்ளே உட்கார்ந்திருக்கிறது 'லாபம்' என்று பொருள் தரும் இன்னொரு 'லீ'. சீதபேதியில யாருக்கு லாபம்னு கேட்காதீங்க, அது ஒலிக்காக மட்டும். அரிப்புக்குள்ள ஒரு ஆடு இருக்கும். ரெண்டும் 'யாங்', தொனி மட்டும் வேற.

கல்லீரல், நுரையீரல், குடல் மூணுக்கும் இடது பக்கம் நிலா மாதிரி ஒரு உறுப்பு. அது நிலா இல்ல, 'மாமிசம்' தேய்ஞ்சு அப்படி ஆகிடுச்சு. சீன எழுத்துகளில் ஏறத்தாழ 80 சதவீதம் இப்படிப் பொருள் பாதி, ஒலி பாதின்னு கட்டினதுதான். ஒலிப் பாதியை முழுசா நம்பவும் முடியாது. வலிக்கான 'தெங்' எழுத்துக்குள்ள இருக்கிறது 'டோங்', குளிர்காலம். எழுத்து உருவான காலத்து உச்சரிப்பு மாறிப்போச்சு.

எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் புற்றுநோய். அழற்சிக்கான எழுத்து தீ மேல தீ, உச்சரிப்பு 'யென்'. புற்றுநோய்க்கான எழுத்து அதே நோய்க் கூரை, உள்ளே மூணு வாய், கீழே மலை. அதுக்கும் ஒரு காலத்தில் உச்சரிப்பு 'யென்'தான். அதாவது நிமோனியாவும் நுரையீரல் புற்றுநோயும் காதுக்கு ஒண்ணே, 'ஃபெய் யென்'. பேப்பர்ல பார்த்தா யாரும் குழம்ப மாட்டாங்க. டாக்டர் வாயால சொன்னா வீட்டுக்காரங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க! 1960களில் அகராதியிலேயே புற்றுநோயின் உச்சரிப்பை 'ஆய்'னு மாத்திட்டாங்க.

அப்போ படிக்கிறவர் கண்ணால நேரா பொருளுக்குப் போயிடறாரா, ஒலி தேவையே இல்லையா? இதைச் சோதிச்சிருக்காங்க. 'சிவப்பு' சீனத்தில் 'ஹோங்'. 'வெள்ளம்' என்கிற வேற எழுத்துக்கும் 'ஹோங்'னுதான் உச்சரிப்பு. வெள்ளம் எழுத்தைப் பச்சை மையில் காட்டி, "மையின் நிறம் மட்டும் சொல்லு"ன்னா வாய் கொஞ்சம் தடுமாறுது. வெள்ளத்துக்கும் நிறத்துக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா கூப்பிடாமலே ஒலி எழுந்து, சிவப்பை இழுத்துட்டு வந்துடுது.

வலது மூளை கதை எங்கிருந்து வந்தது? 1979-ல நேச்சர் இதழில் ஒரு ஆய்வு. கண நேரம் காட்டின ஒற்றை எழுத்தை வலது மூளை நல்லாப் பிடிச்சது. ஆனா அதே ஆய்வில், ரெண்டு எழுத்து சேர்ந்து ஒரு சொல்லா வந்ததும் இடது மூளை ஜெயிச்சது. முதல் பாதி மட்டும் ஊர் சுத்துது. பின்னாடி வந்த ஸ்கேன் ஆய்வுகள்படி, நாம படிக்க உபயோகிக்கிற அதே இடது பொட்டு மடலின் அடிப்பகுதிதான் அவங்களுக்கும் முக்கியம். வலது பக்கம் கொஞ்சம் கூடுதலா கை கொடுக்கும், அவ்வளவுதான்.

கைன்னதும் ஞாபகம் வருது. அங்க எழுத்து மறந்துட்டா உள்ளங்கையில விரலால எழுதிப் பார்ப்பாங்க. ஜப்பான்லயும் இந்தப் பழக்கம் உண்டு. 2005-ல பெய்ஜிங் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், நல்லா எழுதுற பிள்ளைதான் நல்லா வாசிக்கவும் செஞ்சது. எழுத்தின் ஞாபகத்தில் கைக்கும் ஒரு பங்கு இருக்கு. போன்லயே தட்டிப் பழகினவங்களுக்கு, படிக்கத் தெரிஞ்ச எழுத்தே பேனா எடுத்தா வர மாட்டேங்குது. அதுக்குச் சீனத்தில் தனிப் பெயரே இருக்கு.

ஜப்பானிய நரம்பியல் மருத்துவர்கள் இன்னொண்ணு பார்த்தாங்க. இடது பொட்டு மடலின் பின் அடிப்பகுதியில் அடைப்பு வந்த சிலருக்குச் சீன வழி வந்த காஞ்சி எழுத்து போயிடும், ஒலியை மட்டும் குறிக்கிற கானா எழுத்து பெருமளவு தப்பிச்சிடும்.

இதெல்லாம் எனக்குப் பொழுதுபோக்கு வாசிப்பு இல்ல. எங்க ஆஸ்பத்திரியில் ஒரு அய்யா "கண்ணாடி பவர் மாறிடுச்சு, பேப்பர் படிக்க முடியல"ன்னு கண் ஓபிக்கு வந்தார். பேச்சு தெளிவு, கை கால் நல்ல பலம். பேரை எழுதச் சொன்னேன், அழகா எழுதினார். எழுதினதைக் காட்டினா படிக்கத் தெரியல. சிடியில் இடது பின்மூளையில் அடைப்பு. கை கால் இழுத்தாத்தான் பக்கவாதம்னு வீட்டுல நினைச்சு நாலு நாள் விட்டுட்டாங்க. நேத்து வரைக்கும் படிச்சவருக்குத் திடீர்னு படிக்க முடியலைன்னா கண்ணாடிக் கடைக்குப் போகாதீங்க, உடனே 108-ஐக் கூப்பிடுங்க.

அவர் கண்ணை மூடச் சொல்லி உள்ளங்கையில 'ம' எழுதினேன். "ம"ன்னார் உடனே. இப்போ பஸ் போர்டைப் பார்த்து, தொடையில விரலால ஒவ்வொரு எழுத்தா வரைஞ்சு படிக்கிறார். ஊர்ப் பேர் நீளமா இருந்தா படிச்சு முடிக்கிறதுக்குள்ள பஸ் கிளம்பிடுதுன்னு கோவப்படுறார்.